ஓரத்து அப்பம்

"உங்களுக்கு ரொம்பப் பொறுமை" என்று என்னைப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். மைசூரில் அந்த வீட்டில் இருந்த காலத்தில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. பொறுமையாவது ஒன்றாவது. என்னிடம் இருந்தது அலுப்பு. அலுத்துப்போனவள் சத்தம் போடமாட்டாள், சண்டைக்கு நிற்கமாட்டாள். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பொறுமை என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சீப்புச் சீப்பாக வாழைப்பழம் கொண்டுவருவார்கள், அரை மணி நேரம் உட்காருவார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்கள் போன பிறகு வாழைப்பழத் தோலைப் பொறுக்குகிறவள் நான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய காலம். மாதா கோயிலுக்குப் பின்னால், கன்னியர் மடத்துச் சுவரை ஒட்டி நீளமான ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதில் புத்தி வளராத பெண்கள் பத்துப் பதினைந்து பேர். சிலருக்குப் பெற்றவர்கள் செத்துப்போயிருந்தார்கள், சிலருக்கு இருந்தும் இல்லை. ஜட்கா வண்டிக்காரர்கள் அந்த வீட்டை 'ஹுச்சர மனெ' என்பார்கள். பைத்தியக்கார வீடு என்று அர்த்தம். மடத்துக்குத் தலைவியான மதர் காதில் அது விழுந்தால் உடனே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார், மிச்ச தூரத்தை நடந்தே வருவார். நான் இறங்கமாட்டேன். எனக்குக் கால் வலி.

நான் மார்டள்ளிக்காரி, மலைப்பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ ஊர் அது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கோயில் சாமியார்தான் என்னைக் கொள்ளேகால் வழியாகப் பஸ் ஏற்றி அனுப்பிவைத்தார். "ஆறு மாசம் இருந்து பாரு" என்றார். ஆறு மாசம் முடிந்ததா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கன்னியாஸ்திரி இல்லை, அங்கிக்கு ஆசைப்பட்டதும் இல்லை. மடத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன், மடத்து ஜெபத்தைச் சொன்னேன், அந்தப் பெண்களோடு ஒரே கூடத்தில் பாய் போட்டுப் படுத்தேன்.

காலையில் முதல் வேலை பாய் சுருட்டுவது. நனைந்த பாய் தனி, நனையாத பாய் தனி. பிறகு வெந்நீர் அடுப்பு. ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினால் ஒருத்தி அழுவாள், ஒருத்தி சோப்பைக் கடிப்பாள், ஒருத்தி ஈர உடம்போடு வாசலுக்கு ஓடுவாள். கடைசி ஆளுக்குத் தலை துவட்டி நிமிர்ந்தால் முதல் ஆள் மண்ணில் உட்கார்ந்திருப்பாள். ஜெபத்துக்கு முழங்காலில் நின்றால் எனக்குத் தூக்கம் வரும். ஆண்டவரே, இன்றைக்கு யாரும் தெருவுக்கு ஓடாமல் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்பேன். அதற்கு மேல் பக்திக்கு என்னிடம் தெம்பு இருந்ததில்லை.

அந்த வீட்டில் ஒரே ஒரு வேலை அமைதியாக நடக்கும். பூசைக்கு வேண்டிய அப்பம் சுடுவது. சுற்றுவட்டாரத்துக் கோயில்களுக்கெல்லாம் எங்கள் மடத்திலிருந்துதான் தகர டப்பாவில் அப்பம் போகும். மைதாவும் தண்ணீரும் மட்டும்தான், உப்புக்கூடக் கிடையாது. நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றிக் கரி அடுப்பில் காட்டினால் காகிதம்போல ஒரு தகடு வரும். ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்தி, வட்டமாக வெட்டுவோம். பூசையில் சாமியார் வாசகம் சொல்லி உயர்த்திக் காட்டிய பிறகு அது ஆண்டவரின் சரீரம் என்பது எங்கள் விசுவாசம். அதுவரைக்கும் அது வெறும் மாவு.

வெட்டிய அப்பத்தில் உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எடுக்கிற வேலை ஒருத்தியுடையது. அவள் பெயரை எழுதப்போவதில்லை. ஆள் பெரிய ஆள் என்பதால் வீட்டில் பெரியவள் என்றே கூப்பிடுவோம். முப்பது வயதுக்குப் பக்கம், ஒட்ட வெட்டிய தலைமயிர், ஆண்பிள்ளைக் கை. தங்கவயலில் வேலை பார்த்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அப்பா சுரங்கத்தில் செத்தார், அம்மா இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த மழைக்காலத்தில் செத்தாள். அவளை வானத்திலிருந்து இறங்கின சம்மனசு என்று நினைத்துவிடவேண்டாம். பக்கத்தில் வருகிறவளைக் கிள்ளுவாள், சோப்பை இடுப்பில் ஒளித்துவைப்பாள், ஒருநாள் திட்டினால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். ஆனால் அப்பத்தைத் தொடும்போது மட்டும் அந்தப் பெரிய கை பூப்போல இறங்கும். டப்பாவை மூடியதும் என்னைப் பார்த்து, "நான் செஞ்சது" என்பாள்.

வட்டம் வெட்டியது போக மிஞ்சுகிற ஓரங்களை நாலு மணி வெல்லக் காப்பியோடு பெண்களுக்குக் கொடுப்போம். நான் போன புதிதில் அந்த நாலு மணி ஒரு யுத்தம். பிடுங்குவதும் கடிப்பதும் மயிரைப் பிடித்து இழுப்பதுமாக இருக்கும். நான் ஒரு சட்டம் போட்டேன். கையில் வந்ததை முதலில் இரண்டாக உடைக்கவேண்டும். பாதியைப் பக்கத்தில் இருப்பவள் வாயில் வைக்கவேண்டும். அவள் விழுங்கிய பிறகுதான் தன் பாதியைத் தின்னவேண்டும். தவறினால் மறுநாள் ஓரம் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் தொண்டை கட்டக் கத்திக் கத்தி அதை அவர்கள் கைக்குப் பழக்கினேன். அன்பு பொங்கிச் செய்ததில்லை. எனக்குக் கால் மணி நேரம் அமைதி வேண்டியிருந்தது. அவர்கள் உடைத்து, ஊட்டி, விழுங்குவதற்குள் நான் பின்கட்டில் துவைகல்மேல் உட்கார்ந்து என் காப்பியைச் சூடாகக் குடித்து முடிப்பேன். ஒரு நாளில் எனக்கென்று இருந்த நேரம் அதுதான்.

பெரியவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் சின்னவள். ரயில் நிலையத்தில் கண்டெடுத்த பெண், சின்ன உடம்பு, பேச்சு கிடையாது, இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கிப்போயிருக்கும். தானாக ஒரு வாய் சாப்பிட முடியாது. பெரியவள் ஓரத்தை உடைத்ததும் சின்னவள் வாயைத் திறப்பாள். பெரியவள் பாதியை உள்ளே வைத்துவிட்டுச் சின்னவளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது இறங்கிய பிறகுதான் தன் பாதியைத் தின்பாள். சின்னவள் பதிலுக்குப் பாதி தர முடியாது என்பது பெரியவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. இதைப் பார்த்து எத்தனையோ விருந்தாளிகள் அழுதிருக்கிறார்கள். நான் துவைகல்லில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் தொல்லை. பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிற நேரம் வந்ததும் சனங்கள் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்குப் போய் முழங்காலில் நிற்பார்கள். பெரியவளும் எழுந்துவிடுவாள். அவளுக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள், ஆனால் முதல்முறை நற்கருணை தருகிற புதுநன்மை கொடுக்கவில்லை. புதுநன்மை வாங்காதவள் கிராதிக்குப் போகக்கூடாது. நான் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பேன். "நான் செஞ்சது" என்று கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்வாள். உட்காருவாள். மறுபடி எழுந்திருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. தான் செய்த பண்டத்தை ஊரே வாங்கித் தின்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்ற ஆற்றாமை அவளுக்கு. பூசை முடிந்து வரும் வழியெல்லாம் கண்ணீர் ஒழுகும். துடைத்துக்கொள்ளவும் தெரியாது.

ஒரு ஞாயிறு சேலை கிழிந்தேவிட்டது. அன்றைக்கு மதர் என்னைக் கூப்பிட்டார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். "சாக்கு, போதும், இந்த இழுக்கறது சாக்கு. அவ அம்மா சாகறப்போ என் கையைப் பிடிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டா, இவளுக்குப் புதுநன்மை வாங்கிக் கொடுங்கன்னு. நீ சொல்லிக்கொடு."

"நானுங்களா? எனக்கே ஞானோபதேசம் பாதி மறந்துபோச்சுங்களே" என்றேன்.

"மறந்தது போதும். மிச்சம் இருக்கல்ல, அதைச் சொல்லிக்கொடு."

எங்கள் மாதா கோயில் சாமியார் கடல் கடந்து வந்தவர், வயதானவர். இங்கே வருவதற்கு முன் தெற்கே தமிழ் ஊர்களில் இருந்ததால் புத்தகத் தமிழ் பேசுவார். அவர் வைத்த நிபந்தனை இரண்டு. சாதாரணச் சாப்பாட்டுக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியவேண்டும். நடு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரவேண்டும். அந்தக் காலத்துச் சட்டம் அது. பூசைக்குப் போகும் வழியில் வாய்க்குள் மழைத்துளி விழுந்துவிடுமோ என்று பயந்த கிழவிகள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

தவக்காலத்தில் ஆரம்பித்தேன். கடவுள் எத்தனை என்று கேட்டால் "நெறைய" என்பாள். கடவுள் எங்கே இருக்கிறார் என்றால் ஜன்னலைக் காட்டுவாள். கடைசியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். டப்பாவில் இருந்தால் நம்முடையது, சாமியார் கையில் இருந்தால் சாமி. டப்பா நம்மது, கை சாமி. பாத்திரம் தேய்க்கும்போது, பேன் பார்க்கும்போது, குளிப்பாட்டும்போதெல்லாம் இதே பாட்டுத்தான். வெயில் காலம் முழுக்கச் சொன்னோம். நான் தூக்கத்திலும் இதை முனகுகிறேன் என்று அடுத்த அறைக் கன்னியாஸ்திரி சொன்னார்.

சாமியார் பரீட்சைக்கு வந்தார். அப்பம் சுடுகிற அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, டப்பாவைக் காட்டி, "மகளே, இது என்ன?" என்றார்.

"நம்மது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சும்மா இருந்திருக்கலாம். டப்பாவிலிருந்து ஒரு அப்பத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இது?" என்றார்.

"சாமி" என்றாள் பெரியவள், பட்டென்று முழங்காலில் விழுந்து.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். சாமியார் அந்த வெறும் அப்பத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை டப்பாவில் போட்டு மூடினார். "இவளுக்கு மரியாதை தெரிகிறது. இதற்குமேல் எனக்கே எவ்வளவு விளங்கிவிட்டது? வரட்டும்" என்றார்.

நற்கருணைத் திருநாளுக்கு நாள் குறித்தார்கள். அக்ரஹாரத்துத் துணிக்கடையில் மிச்சத்துணி வாங்கி வந்து முக்காடு தைத்தேன். முதல்நாள் சாயங்காலமே தண்ணீர்ப் பானைகளையெல்லாம் மடத்துக்குள் கொண்டுபோய்ப் பூட்டினேன். நான் அவளோடு ஒரே பாயில் படுத்து, அவள் சேலை முனையை என் கையில் முடிந்துகொண்டேன். காலையில் அவள் நாக்கு வறண்டுபோய் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளைச் சேலை, வெள்ளை முக்காடு. கிராதியில் பச்சைப் பிள்ளைகளின் வரிசையில் இவள் ஒருத்தி மட்டும் தேர்போல நின்றாள். நாக்கை நீட்டினாள். சாமியார் வைத்தார். வாயை மூடினாள். அப்பாடா, ஒரு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். சந்தோஷமும்தான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

கைகூப்பியபடி, சொல்லிக்கொடுத்த மாதிரியே தலைகுனிந்து பெஞ்சுக்கு வந்தாள். எனக்கும் சின்னவளுக்கும் நடுவே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு விரலால் வாயிலிருந்து அப்பத்தை எடுத்தாள். இரண்டாக உடைத்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் பாதியை அவள் நாக்கில் வைத்துவிட்டு, வழக்கம்போல அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அது இறங்கியதும் தன் பாதியைத் தின்றாள்.

நற்கருணையைச் சாமியாரைத் தவிர வேறு யாரும் கையால் தொடக்கூடாத காலம் அது. சின்னவளுக்கு ஞானஸ்நானம் உண்டா என்றே யாருக்கும் தெரியாது. போதாததற்குக் காலையில் அவளுக்கு நானே கஞ்சி ஊட்டியிருந்தேன். பின் பெஞ்சில் யாரோ "ஏசுவே" என்று அலறினார்கள். பாட்டு நின்றது. நான் வருஷக்கணக்காக அவள் சேலையைப் பிடித்து இழுத்தவள். அன்றைக்குக் கை பக்கத்திலேயே இருந்தும் அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பூசை முடிந்ததும் சாமியார் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். துகள் விழுந்திருந்தால் காலில் மிதிபடக்கூடாது. அதற்கும் சட்டம் இருக்கிறது. பெஞ்சுக்கு அடியில் தரையில் முழங்காலிட்டுத் துழாவித் துடைத்தார். பெரியவளின் விரல்களைக் கிண்ணத்தில் கழுவினார். சின்னவளின் மடங்கின கையையும் பிரித்துக் கழுவினார், அதில் ஒன்றும் பட்டிருக்காது. பெரியவள் மற்றக் கையையும் நீட்டினாள். அதையும் கழுவினார். எழுந்திருக்க முடியாமல் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் என்னை அழைத்தார்கள். மதர் பக்கத்தில் நின்றார். "யார் சொல்லிக்கொடுத்தது இது?" என்று கேட்டார் சாமியார். கோபம் இல்லை, அவருக்கும் அலுப்புத்தான்.

"நான்தானுங்க சாமி. நாலு மணி ஓரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. சண்டை போடறாங்கன்னு."

"அப்படியானால் நீதான் மறக்கச் செய்யவேண்டும். அதுவரை அவள் வரக்கூடாது."

எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. "சின்னவளுக்கும் சேத்துக் கொடுத்துட்டா என்னங்க சாமி? வம்பே இல்லீங்களே."

"அவளுக்கு வேண்டுமானால் ஞானஸ்நானம் கொடுக்கிறேன். புத்தி விவரம் இல்லாதவர்களுக்கு நற்கருணை இல்லை. அது இல்லாமலே அவர்களுக்கு மோட்சம் உண்டு, நீ கவலைப்படாதே."

"அது இல்லாமலே உண்டுன்னா பெரியவளுக்கு மட்டும் எதுக்குங்க இத்தனை பாடு?"

மதர் என்னை முறைத்தார். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவள் கேட்டாள். அதனால்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி சேலையைப் பிடிக்கிற வேலை வந்து சேர்ந்தது. இப்போது முன்னைவிட மோசம். முன்பு எட்டாத ஒன்றுக்கு அழுதாள். இப்போது ஒருதரம் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள். பூசையில் அவள் போட்ட கூச்சலில் சாமியார் இரண்டுமுறை நிறுத்தி நிறுத்திச் சொல்லவேண்டியதாயிற்று. வீட்டில் அப்பம் பொறுக்க உட்காரமாட்டேன் என்றாள். டப்பாவைக் காலால் தள்ளிவிட்டாள். சாப்பாட்டைக் குறைத்தாள். அந்த ஆண்பிள்ளைக் கையில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. "இவ இப்படியே போயிடுவா" என்றார் மதர்.

மழைக்காலம் முழுக்க அவளை மறக்கவைக்கப் பாடுபட்டேன். டப்பா அப்பத்தில் பாதி கொடு, சாமி அப்பத்தை முழுசாக விழுங்கு என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். வாய் அதையும் கற்றுக்கொண்டது, கை கற்றுக்கொள்ளவில்லை. அப்பம் என்றால் கை தானாக உடைக்கும். நான் சாமியார் மாதிரி நின்று அவள் நாக்கில் வெறும் அப்பத்தை வைத்துப் பழக்குவேன். அவள் வாயை மூடிக்கொண்டு எழுந்து சின்னவளைத் தேடிக்கொண்டு போய்விடுவாள். சின்னவளைக் கிணற்றடியில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அங்கேயும் போனாள். கொல்லைக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு முன்னால் உமிழ்நீர் ஒழுக, வாயில் கரைந்த அப்பத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

இரண்டு சட்டம் அவளுக்குத் தாங்காது என்று புரிந்தது. ஒன்று எல்லாவற்றையும் உடைப்பாள், இல்லை எதையும் உடைக்கமாட்டாள். அதனால் நாலு மணியிலும் கையை வைத்தேன். "உனக்கே உனக்கு, நீயே தின்னு" என்பேன். அவள் ஓரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் சின்னவளையும் மாறி மாறிப் பார்ப்பாள். நான் கையை இறுக்கிப் பிடித்திருப்பேன். சின்னவள் வாயைத் திறந்தபடி இருப்பாள். காப்பி ஆறிப்போகும். மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருப்போம். இதற்கு நடுவே மற்றவர்கள் தங்கள் பாதியைப் பக்கத்து வாயில் வைத்து, விழுங்கி முடித்து எழுந்து போவார்கள்.

தசரா வந்தது. ஊரே ஊர்வலம் பார்க்கப் போயிருந்தது, எங்கள் தெருவில் நாய்கூட இல்லை. நாலு மணிக்குக் காப்பி ஊற்றி ஓரத்தைக் கையில் கொடுத்த நேரம், அரண்மனைப் பக்கம் பீரங்கி வெடித்தது. ஓடு அதிர்ந்தது. பெண்கள் அலறினார்கள். பெரியவள் பயத்தில் கையிலிருந்ததை அப்படியே வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். அடுத்த வெடி. விழுங்கிவிட்டாள்.

நான் போட்ட சத்தம் பீரங்கியைவிடப் பெரிது. "என் கண்ணே, என் ராசாத்தி" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். டப்பாவைத் திறந்து நல்ல அப்பமாகவே ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வெடித்துக்கொண்டே இருந்தது. அதையும் முழுசாகத் தின்றாள். இன்னொன்று கொடுத்தேன். அதையும் தின்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டது அதற்கு முன் எப்போதென்று எனக்கு ஞாபகம் இல்லை. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நடுங்கினாள், நடுவே சிரிக்கவும் செய்தாள். மாதக்கணக்காக நான் கத்தி நடக்காதது பயத்தில் நடந்தது. மறுநாளும் கட்டிக்கொண்டேன். மறுநாளும் தின்றாள். அந்த வாரத்துக்குள் கற்றுக்கொண்டாள். சின்னவள் பக்கம் திரும்பினால் நான் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று புரிந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்னப் பழகினாள்.

சாமியார் மறுபடி முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பெரியவள் அப்பத்தை வாங்கி, வாயை மூடி, விழுங்கி, என்னைப் பார்த்தாள். "ஆய்த்து" என்றார் மதர். அவர் கண் கலங்கியிருந்தது. சாமியார் தலையை ஆட்டினார்.

அந்த ஞாயிறு அதே வெள்ளைச் சேலையில் அவளை அழைத்துக்கொண்டு போனேன். கோயிலில் எல்லோருடைய கண்ணும் எங்கள்மேல்தான். கிராதியில் முழங்காலில் நின்றாள். வாங்கினாள். தலைகுனிந்து திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். விழுங்கினாள். பிறகு முகம் முழுக்கச் சிரிப்போடு, "நான் செஞ்சது" என்று என் காதில் சொன்னாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் யாரிடமும் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவள் அழவில்லை.

ஆனால் அவளுக்கு அந்தப் பக்கத்தில் சின்னவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது, திறந்திருந்தது. சாமியார் ஆசீர்வாதம் கொடுத்தார், திறந்திருந்தது. எச்சில் முகவாயில் இறங்கியது. யாராவது பார்க்கப்போகிறார்களே என்று எட்டி என் உள்ளங்கையால் அதை மூடினேன். கையை எடுத்ததும் மறுபடி திறந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் காப்பி ஊற்றினேன். பெரியவள் தன் ஓரத்தை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். சின்னவள் அவள் முதுகைப் பார்த்து வாயைத் திறந்தாள். நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு துவைகல் வரைக்கும் போனேன். உட்காரவும் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து வந்தேன். எனக்கு அந்த ஓரம் பிடிக்காது, வாயில் வைத்தால் காகிதம் மாதிரி இருக்கும், அத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் எடுத்ததில்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தேன். சின்னவளுக்கு எதிரே உட்கார்ந்து பாதியை அவள் நாக்கில் வைத்தேன்.

அவள் உடனே விழுங்கவில்லை. நாக்கு அதைப் புரட்டியது, வெளியே தள்ளியது, மறுபடி உள்ளே இழுத்தது. ஒரு துணுக்கு அப்பம் அந்தத் தொண்டையில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியவள் இத்தனை வருஷமாக, தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் அவ்வளவு நேரம் காத்திருந்திருக்கிறாள். நானும் காத்திருந்தேன். என் காப்பி ஆறிப்போயிருந்தது.